மடியில் இருந்த கைகள்

பொன்னாடையை விரித்துப் பிடித்தபோது கேப்டன் சங்கரவடிவுக்கு அதைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. கிழிக்கவில்லை. அறுபத்தாறு வயதில், இத்தனை பேர் பார்க்கிற மேடையில், அவர் வீட்டுப் பெண்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. முதுகை நிமிர்த்தி இரண்டு எட்டு நடந்து, தலை குனிந்து நின்ற எமல்டா பர்னாந்தின் தோளில் போர்த்தினார்.

கூட்டம் கைதட்டியது. பின்னாலிருந்த பெரிய திரையில் எழுத்து மின்னியது: "தரையிலிருந்து உயிர்களைக் காத்த கை."

யாரிடமிருந்து காத்தது என்று திரையில் போடவில்லை. போடவும் தேவையில்லை. நாடு முழுக்கத் தெரியும். தூங்கிப்போன பைலட்டிடமிருந்து. அந்தப் பைலட்டின் பெயர் நம்பிராஜன். சங்கரவடிவின் ஒரே மகன்.

தூத்துக்குடிக்கு வெளியே விமானக் கம்பெனி நடத்திய பயிற்சி நிலையத்தில் அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். ஒற்றை ஆள் ஓட்டுகிற விமானங்களுக்காக, மேலே காக்பிட்டில் உட்காரும் பைலட்டுகளையும், கீழே திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தேவைப்பட்டால் அங்கிருந்தே ஓட்டும் தரை விமானிகளையும் உருவாக்கி அனுப்புகிறவர். அதனால் பொன்னாடையை அவரே போர்த்த வேண்டும் என்று இயக்குநர் அனந்தபத்மன் சொல்லிவிட்டார். "நீங்க போர்த்தினா பெருந்தன்மையா இருக்கும் கேப்டன்." வராவிட்டால் பொறாமை என்பார்கள், வந்தால் மகனைக் கைவிட்டாள் என்பார்கள். வந்தார். ஒளிந்துகொண்டாள் என்று மட்டும் எவனும் சொல்லக் கூடாது.

சால்வையின் ஓரத்தைச் சரிசெய்தபோது அந்தப் பெண் உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"மேடம், நான் ஒண்ணும் தொடல மேடம்."

"என்னது?"

"எதையுமே தொடல."

புகைப்படக்காரர்கள் சிரிக்கச் சொன்னார்கள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் சங்கரவடிவு அவளைச் சிமுலேட்டர் கூடத்தின் பின்புறம், ஏசி இயந்திரங்கள் இரைகிற சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இப்ப சொல்லு. இந்த இரைச்சல்ல ஒருத்தனுக்கும் கேக்காது."

எமல்டாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சால்வையை அவிழ்க்கவும் தோன்றாமல், போர்த்திய மேனிக்கே வியர்த்துக்கொண்டு நின்றாள்.

"என் பொறுப்புல நாலு பிளேன் மேடம். நம்பி சாரோடது கொச்சிக்கு இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. திடீர்னு சிவப்பு வந்துட்டு. 'விமானி செயலிழந்தார், கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்'ன்னு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி நான் கைய மடிக்குக் கொண்டுபோயிட்டேன்."

கை மடிக்கு! அந்த நிலையத்தில் அந்த இரண்டு சொல்லைக் கேட்காமல் யாரும் தேறி வெளியே போனதில்லை. எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இரண்டு கையையும் மடியில் வை. வாயை மூடு. ஒவ்வொரு முள்ளும் என்ன சொல்கிறது என்று பார். பத்து எண்ணு. அதற்குப் பிறகு தொடு. கோளாறினால் விழுந்த விமானங்களை விட, கோளாறு வந்ததும் பதறிப்போய் எதையாவது பிடித்து இழுத்த கைகளால் விழுந்தவையே அதிகம் என்பது சங்கரவடிவின் கட்சி. பறந்த காலமெல்லாம் அதைக் கடைப்பிடித்தார், அதனால்தான் உயிரோடிருந்தார். வகுப்பில் எவனாவது அவசரப்பட்டுக் கையை நீட்டினால் மர அளவுகோலால் மேசையில் ஓங்கித் தட்டுவார். "உன் கை உன்னை விட முந்துதுல! மடிக்கு!"

"பாத்தேன் மேடம்," என்றாள் எமல்டா. "வேகம் பூஜ்யம்னு காட்டுது. ஆனா உயரம் ஒழுங்கா இருக்கு, இன்ஜின் ஒழுங்கா இருக்கு. வேகம் அளக்குற குழாயில பனி அடைச்சிருக்கு, முள்ளுதான் பொய் சொல்லுதுன்னு புரிஞ்சுபோச்சு. எண்ணிக்கிட்டே இருக்கேன், திரை பச்சையாயிட்டு. 'தரை விமானி ஏற்றார்'னு வருது. நான் எங்க மேடம் ஏத்தேன்? கை மடியில கெடக்கு! உடனே கட்டுப்பாட்டுக் கம்பியப் புடிச்சு இழுத்தேன். அது செத்துக்கெடக்கு. பிளேன் மூக்கக் குத்திக்கிட்டுப் போவுது."

வேகம் இல்லை என்ற பொய்யை நம்பிய ஏதோ ஒன்று, வேகம் வேண்டுமென்று விமானத்தைக் கீழ்நோக்கித் தள்ளியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். தேநீர் வண்டியோடு நின்ற ஜான்சி என்ற பணிப்பெண்ணுக்கு முதுகெலும்பு முறிந்தது. கீழே காற்றில் வெப்பம் கூடிப் பனி உருகியதும் முள் உண்மையைச் சொல்லத் தொடங்கியது. விமானம் தானே நிமிர்ந்தது.

"அப்ப ஓட்டுனது யாரு?"

"அதத்தான் மேடம் நானும் கேட்டேன். அதிர்ச்சியில எனக்கு மறந்துபோச்சாம். நான்தான் ஓட்டுனேனாம். டைரக்டர் சார் சொல்லுதாரு." சால்வையின் சரிகையைப் பிடித்துக் காட்டினாள். "அதுக்குத்தான இது."

சங்கரவடிவு நேரே இயக்குநரின் அறைக்குப் போனார். அனந்தபத்மன் நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல குரல். கோபத்தையே பார்த்திராதவர் போல எப்போதும் அமைதியாகப் பேசுவார். அந்த அமைதியைப் பார்த்தாலே சங்கரவடிவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உட்காருங்க கேப்டன்."

"நின்னே பேசுதேன்."

அவர் தன் மேசைத் திரையை இவர் பக்கம் திருப்பினார். ஊரெல்லாம் சுற்றிய அதே படம். காக்பிட் இருக்கையில் நம்பி. இமைகள் தாழ்ந்திருக்கின்றன. கைகள் மடியில். வாய் மூடியிருக்கிறது. பார்க்கிற எவனும் தூங்குகிறான் என்றே சொல்வான்.

"கேமரா மேல இருக்கு," என்றார் சங்கரவடிவு. "வேக முள்ளு சொல்லுதது நெசமான்னு, அவன் முழங்காலுக்குப் பக்கத்துல இருக்கிற மாற்றுக் கருவியப் பாக்கான். எட்டாம் கிளாஸ் பையனுக்குக் கூட இது புரியும்."

"எனக்கும் புரியுது. ஆனா காவலனுக்குப் புரியணுமே."

காவலன் என்பது இருக்கைக்கு மேலே ஒட்டியிருந்த கண். இரண்டாவது பைலட்டை இறக்கிவிட்டுவிட்டு, அவர் இடத்தில் கம்பெனி வைத்தது. பக்கத்து ஆள் மயங்கிவிட்டாரா, தூங்கிவிட்டாரா என்று பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

"கண் தாழ்ந்திருக்கு, கை அசையல, குரல் இல்ல. எட்டு நொடி பார்க்கும். அப்புறம் மேல இருக்கிறவர் கம்பியைப் பூட்டிட்டுத் தரைக்குக் கொடுத்துடும். தரையும் சும்மா இருந்தா..." அனந்தபத்மன் நிறுத்தினார்.

"சும்மா இருந்தா?"

"விமானத்தை அந்தரத்துல விட முடியுமா கேப்டன்? தானே பார்த்துக்கும்."

சங்கரவடிவு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காவலனைப் பற்றி நான்கு வருடமாகப் பாடம் எடுக்கிறவர் அவர். இந்தக் கடைசிப் படியை அவருக்கே ஒருவரும் சொல்லவில்லை.

"'எப்போதும் ஒரு மனிதக் கை'ன்னு டிக்கெட்ல அச்சடிச்சு விக்கிறீங்க. தொடாத பிள்ள ஏத்துக்கிட்டதா அதுவே எழுதிக்கிடுது. ஆள் இல்லாம பறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"ஆள் இருந்தாங்களே. ரெண்டு பேர் இருந்தாங்க. ரெண்டு பேரும் உங்க மாணவர்கள். ரெண்டு பேரும் கையை மடியில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க." குரல் உயரவே இல்லை. "போன வருஷமே சொன்னேன், அந்தப் பழக்கத்தை விட்டுடுங்கன்னு. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கோபப்பட்டு எழுந்து போனீங்க."

"ஏன்னு நீங்க சொன்னீங்களா?"

அனந்தபத்மன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறொன்று சொன்னார். விசாரணைக் குழு அடுத்த வாரம் வருகிறது. தூக்கம் என்றே இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை குறைந்து மயக்கம் என்று மருத்துவர் சொன்னால் போதும். நோயை யாரும் கேவலமாகப் பேச மாட்டார்கள். நம்பிக்குத் தரையில் நல்ல வேலை. எமல்டாவுக்கு அவள் சால்வை. "உங்க குடும்பப் பேரும்..."

"என் குடும்பப் பேர உங்க வாயில எடுக்காதீங்க."

கதவைச் சாத்திய சத்தம் தாழ்வாரம் முழுவதும் கேட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் சங்கரன்கோவிலிலிருந்து சித்தப்பா மகன் ஐயம்பெருமாள் போன் செய்தான். நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் கூப்பிடுகிறவன்.

"எக்கா, விசேஷத்துல எல்லாரும் மருமவனப் பத்தித்தான் பேச்சு. தூக்கத்துலயே கொச்சி வரைக்கும் போயிட்டானே, முழிச்சிருந்தா துபாய்க்கே போயிருப்பான்னு சொல்லுதாங்க."

"சொல்லுதவன் பேரு என்ன?"

"சும்மா கேலிக்குத்தான எக்கா..."

"பேரச் சொல்லுல. நான் அவன் வீட்டு வாசல்ல வந்து நிக்கேன்."

ஐயம்பெருமாள் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

நம்பி முன்னறையில் ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் பல நாள் தாடி. சங்கரவடிவு நடந்ததைச் சொன்னார். எமல்டா சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்தவன், அனந்தபத்மன் சொன்னதைக் கேட்டுத் திரும்பவும் சாய்ந்துகொண்டான்.

"எம்மா, மயக்கம்னே சொல்லிருவோம்."

"என்ன சொன்ன?"

"பால் குடுக்க வாரவன் கேக்கான், 'அண்ணாச்சி, நேத்து நல்லாத் தூங்குனீங்களா'ன்னு. என்னால முடியல. மயக்கம்னா விட்டுருவாங்க."

"நம்ம வீட்டுல வேலையில தூங்குனவனும் கிடையாது, பொய்யா மயங்குனவனும் கிடையாது." குரல் நடுங்கியது, நடுங்குவது பிடிக்காமல் இன்னும் உரக்கப் பேசினார். "உங்க தாத்தா செங்கோட்டை லைன்ல இன்ஜின் ஓட்டுனாவ. சிக்னல் தெரிஞ்சா 'பச்சை'ன்னு கத்தணும். பக்கத்துல நிக்கவரு 'பச்சை'ன்னு திருப்பிக் கத்தணும். ஒருத்தன் கண்ணு பொய் சொன்னா இன்னொருத்தன் கண்ணு இருக்கும்னுதான். அந்த வீட்டுப் பிள்ள நீ."

"திருப்பிச் சொல்ல இப்ப ஆள் எங்கம்மா இருக்கு?"

நம்பி நிறுத்தவில்லை.

"பக்கத்துல ஒருத்தரு இருந்தா, இவன் எண்ணுதான்னு அவருக்குத் தெரியும். தனியா உக்காந்து எண்ணுனா அதுக்குப் பேரு தூக்கம். ரெண்டு ஆளுக்கு உள்ள பாடத்த ஒத்தை ஆளுக்கு எடுத்தீங்க. அந்தக் காலி சீட்ட ஒத்துக்கிட்டுத்தான நீங்க இந்த வேலைக்கே போனீங்க?"

அவர் கை ஓங்கியது. பெற்ற பிள்ளையை அவர் அடித்ததே இல்லை. ஓங்கிய கையைப் பார்த்தார். மெல்லக் கீழே இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு கையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். நம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் எண்ணி முடிக்கும் வரை அவனும் வாய் திறக்கவில்லை.

"சரி," என்றார் எழுந்து. "ஷேவ் பண்ணிட்டு வா. விசாரணைக்கு நீயும் வரணும்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் தேவசகாயம் வழுக்கைத் தலையும் பெரிய கண்ணாடியுமாக, எதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்கிற ஆள். அதே கோளாறைச் சிமுலேட்டரில் போட்டுத் தானே ஓட்டிக் காட்டுவதாகச் சங்கரவடிவு கேட்டார். அனந்தபத்மன் மறுக்கவில்லை. அறுபத்தாறு வயதுக் கிழவி தடுமாறினால் தடுமாறட்டும், கதை அத்தோடு முடியும் என்று நினைத்திருக்க வேண்டும். தரை மேசைக்கு எமல்டா பர்னாந்து வேண்டும் என்றபோதுதான் அவர் முகம் ஒரு கணம் மாறியது.

"அவங்க லீவுல..."

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா."

சிமுலேட்டர் அறையையும் தரை மேசையையும் ஒரு கண்ணாடிச் சுவர் பிரித்திருந்தது. நடுவில் நின்றால் இரண்டு பேரையும் பார்க்கலாம். தேவசகாயத்தை அங்கேதான் நிற்கச் சொன்னார் சங்கரவடிவு. நம்பி சுவரோரம் கைகட்டி நின்றான்.

பழைய சீருடைச் சட்டையைப் போட்டு வந்திருந்தார். தோளில் நான்கு கோடுகள். பட்டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மேகம், மழை, கொச்சி நோக்கிய இறக்கம். வேக முள் நடுங்கியது, சரிந்தது, பூஜ்யத்தில் படுத்தது. எச்சரிக்கை மணிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு அலறின.

சங்கரவடிவு இரண்டு கையையும் மடியில் வைத்தார். முழங்காலருகே இருந்த மாற்றுக் கருவியைப் பார்த்தார். உயரம் சரி. இன்ஜின் சரி. எண்ணத் தொடங்கினார்.

எட்டைத் தாண்ட விடவில்லை.

"விமானி செயலிழந்தார்," என்றது காவலனின் இனிமையான குரல். "கட்டுப்பாடு தரைக்கு மாற்றப்படுகிறது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எமல்டா சிவப்புத் திரையைப் பார்த்தபடி, கைகளை மடியில் கோத்து, எண்ணிக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் இந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பெண், முதுகு நிமிர்ந்து, முழு விழிப்போடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் பார்த்தார். இன்னொரு பெண், முழு விழிப்போடு.

"தரை விமானி ஏற்றார்," என்றது குரல். மூக்கு குத்தியது. சிமுலேட்டர் முழுவதும் முன்பக்கம் சாய்ந்தது. யாரோ ஒருவருடைய காபிக் கோப்பை உருண்டு ஓடியது.

"இப்ப யாரு ஓட்டுறது?" என்றார் தேவசகாயம். மறுபடி கேட்டார். "யாருங்க ஓட்டுறது இப்ப?"

அனந்தபத்மன் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரவடிவு பட்டையை அவிழ்த்து வெளியே வந்தார். காவலன் எடுத்த படம் திரையில் நின்றிருந்தது. தாழ்ந்த இமைகள், மடியில் கைகள், மூடிய வாய். பக்கத்தில் தரை மேசைக் கேமரா எடுத்த எமல்டாவின் படம், அதே போலக் கைகள் மடியில். நம்பியின் படத்தையும் கொண்டுவந்து அவற்றோடு வைக்கச் சொன்னார்.

"பாருங்க சார். நாங்க மூணு பேரும் தூங்குதோம்." அவர் குரல் அந்த அறைக்குத் தேவையானதை விட உரக்க இருந்தது. "யோசிக்கத் தெரிஞ்ச மனுஷன உக்கார வச்சு, அவன் யோசிச்சா செத்துட்டான்னு எழுதுத யந்திரம் இது. இதுக்குப் பழி போட என் பிள்ளை. இதுக்கு மாலை போட இந்தப் பிள்ளை."

நம்பி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றான். எமல்டா தன் பையிலிருந்த சால்வையை எடுத்து, மடிப்புக் கலையாமல், அனந்தபத்மன் முன்னாலிருந்த மேசையில் வைத்தாள்.

அறிக்கை வந்தது. பைலட் தூங்கவில்லை என்று அதில் இருந்தது. தூங்கினார் என்று முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைகள், தூங்கவில்லை என்பதை உள்பக்கத்தில், நாளைய மழை பற்றிய செய்திக்குக் கீழே போட்டன. ஐயம்பெருமாள் போன் செய்து, தான் அப்போதே சொன்னதாகச் சொன்னான். பால் கொடுப்பவன் நம்பிக்கு வணக்கம் வைத்தான்.

குடும்பப் பெயர் திரும்பி வந்துவிட்டது. சங்கரவடிவு அறிக்கையின் மிச்சத்தையும் படித்தார். மனிதர் இருவரும் ஒரே நேரத்தில் செயலற்றிருந்ததே விபத்துக்கு வாய்ப்பளித்தது. ஆகவே பயிற்சி முறையைத் திருத்த வேண்டும். காவலனைத் திருத்தச் சொல்லி ஒரு வரியும் இல்லை. கம்பெனி ஒன்றை மட்டும் தானாகவே திருத்திக்கொண்டது. டிக்கெட்டில் இப்போது "எப்போதும் ஒரு காவலன்" என்று அச்சடித்தார்கள்.

திங்கட்கிழமை அவர் நிலையத்துக்குப் போனபோது வகுப்பறைக்குள் புதிய அணி பயிற்சியில் இருந்தது. கோளாறு மணி அடித்ததும் அத்தனை கைகளும் பலகையைத் தொட்டன. தொட்டுக்கொண்டே அத்தனை வாய்களும் சொல்லின: "இருக்கேன்." சில நொடி கழித்து மீண்டும், "இருக்கேன்." காவலனுக்குக் கேட்க வேண்டுமாம். கை ஏதாவது ஒன்றைத் தொட்டபடியே இருக்க வேண்டுமாம். எதைத் தொடுவது என்று யோசிக்க யாருக்கும் நேரம் தரப்படவில்லை. மர அளவுகோல் மேசை மேலேயே கிடந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். திரும்பப் போகவில்லை. எமல்டா அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டாள்.

நம்பி விடவில்லை. "பறக்காம என்னால இருக்க முடியாதும்மா," என்றான். அதற்கு அவரால் கோபப்படக்கூட முடியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் சங்கரவடிவு கொச்சிக்குக் கிளம்பினார். ஜான்சி இன்னும் அங்கே மருத்துவமனையில்தான் இருந்தாள். கம்பெனியிலிருந்து ஒருவரும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம்பி ஓட்டுகிற விமானமாகப் பார்த்தே டிக்கெட் எடுத்தார். முதல் வரிசை. காக்பிட் கதவு நாலு எட்டுத் தூரத்தில்.

விமானம் மேகத்துக்குள் நுழைந்து குலுங்கியது. முன்னால் எங்கோ ஒரு மணி ஒலித்தது. பயணிகளுக்கு அது என்னவென்று தெரியாது. கதவுக்கு அப்பால் மகனின் குரல் கேட்டது.

"இருக்கேன்."

சற்றுப் பொறுத்து, கொஞ்சம் வேகமாக, "இருக்கேன்."

அவன் கைகள் அப்போது எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும்.

சங்கரவடிவு இரண்டு கையையும் மடியில் வைத்தார். கண்ணைத் தாழ்த்தி, காதைத் தீட்டிக்கொண்டார். இன்ஜின் ஓசை சரி. தரையின் சாய்வு சரி. ஒன்று, இரண்டு, மூன்று.

பணிப்பெண் குனிந்து தோளைத் தொட்டாள்.

"மேடம், தூங்கிட்டீங்களா? பெல்ட் போடணும்."

"தூங்கல," என்றார் சங்கரவடிவு, கண்ணை உயர்த்தாமல். "எண்ணுதேன். இந்தப் பிளேன்ல ஒருத்தராவது எண்ணணும்."